கிராபிக்ஸ் கார்டை எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?

நாற்பதாம் நம்பர் நூல் தடிமனா, இருபதாம் நம்பர் நூல் தடிமனா? வெள்ளகோவில் வட்டாரத்தில் உள்ள பள்ளி ஒன்றில் இதைக் கேட்டுப் பாருங்கள். தறி ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளை யோசிக்காமல் 'இருபது' என்று சொல்லிவிடும். வெளியூரிலிருந்து பணிக்கு வந்த நம்மில் பலர் 'நாற்பது' என்போம். பெரிய எண் என்றால் பெரிய பொருள் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் நூலின் நம்பர். அதே எடையில் நாற்பது சிட்டம் வர வேண்டுமானால் இழை மெல்லியதாகத்தானே இருக்க வேண்டும்? எண் எதை அளக்கிறது என்று தெரிந்தவருக்கு இதில் குழப்பமே இல்லை.

கணினிக் கடையில் நாம் அனைவரும் வெளியூர்க்காரர்கள்தான். முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு நான்கு கணினி வாங்கித் தர முன்வருகிறார். பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் மூன்று விலைப்புள்ளிகள் வருகின்றன. ஒன்றில் '2 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு', இன்னொன்றில் '4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு' என்றிருக்கிறது. விலையில் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு. எதைத் தேர்ந்தெடுப்பது? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆடை வடிவமைப்போ அனிமேஷனோ படிக்கப் போகும் பிள்ளையின் பெற்றோரும் இதே கேள்வியோடுதான் நம்மிடம் வருகிறார்கள். நூற்பாலைச் சம்பளத்திலோ தறிக்கூலியிலோ சேர்த்த பணத்தில் மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் அவர்கள். 'சார், இது போதுமா?' என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதில், அந்தக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கும்.

திரையில் நடக்கும் வேலை

நம் ஆய்வகத்துத் திரைகளில் பெரும்பாலானவற்றில் கிடைவாட்டில் 1920, செங்குத்தாக 1080 படப்புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600. விநாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட்டால், 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு விநாடியும் முடிவு செய்தாக வேண்டும். அசையாத எழுத்துகளுக்கு இது எளிய வேலை. ஒரு சட்டையை முப்பரிமாணத்தில் சுழற்றி, மடிப்பிலும் ஒளியிலும் நிழலிலும் அது எப்படித் தெரியும் என்று காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் பல கணக்குகள் போட வேண்டும். நல்ல வேளையாக, ஒரு புள்ளியின் கணக்கு அடுத்த புள்ளியின் விடைக்காகப் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. அதனால் ஆயிரக்கணக்கான சிறு கணக்குப் பொறிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். அந்தப் பொறிகளும் அவற்றுக்கென ஒரு தனி நினைவகமும் சேர்ந்ததுதான் கிராபிக்ஸ் கார்டு.

இதை ஒரு தறிக்குடோனாக நினைத்துக்கொள்ளலாம். பொறிகளின் எண்ணிக்கை, அதாவது 'கோர்', தறிகளின் எண்ணிக்கை. கடிகார வேகம், தறி நிமிடத்துக்கு எத்தனை பிக் அடிக்கிறது என்பது. கார்டின் நினைவக அளவு, குடோனுக்குள் நூல் அடுக்கி வைக்கும் இடம். நினைவக வேகம், அதாவது 'மெமரி பேண்ட்வித்', தறிகளுக்குத் தார் வந்து சேரும் வேகம். தார் வராவிட்டால் ஐம்பது தறி இருந்தும் என்ன பயன்?

2 ஜி.பி. என்பது வேகம் அல்ல

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது ஜி.பி. எண். அது இடத்தின் அளவு மட்டுமே. நூல் அடுக்கும் அறை பெரிதாக இருப்பதால் துணி விரைவாக நெய்யப்படுவதில்லை.

இதற்கு என்விடியா நிறுவனத்தின் ஜிடி 1030 கார்டை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 2017-இல் வந்த முதல் வகையில் ஜிடிடிஆர்5 நினைவகம் இருந்தது. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொரு வகை வந்தது. இரண்டிலும் 384 கோர். இரண்டிலும் 2 ஜி.பி.; பெட்டியில் ஒரே பெயர். ஆனால் தார் வரும் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நினைவகப் பாதையின் அகலத்தை பிட் கணக்கில் எடுத்து, ஒரு பாதையில் விநாடிக்கு எத்தனை கிகாபிட் வருகிறது என்பதால் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால்.

முதல் வகைக்கு 64 × 6 ÷ 8, விநாடிக்கு 48 ஜி.பி. இரண்டாவதற்கு 64 × 2.1 ÷ 8, வெறும் 16.8 ஜி.பி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! விளையாட்டு மென்பொருள்களில் சோதித்தபோது பலவற்றில் இரண்டாவது வகை முதல் வகையின் பாதி வேகத்தை ஒட்டியே ஓடியது. பெயரும் ஜி.பி.யும் மட்டும் எழுதிய விலைப்புள்ளியில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022-இல் வந்த 8 ஜி.பி. கார்டில் 2560 கோர், விநாடிக்கு 224 ஜி.பி. வேகம். 2024-இல் வந்த 6 ஜி.பி. கார்டில் 2304 கோர், 168 ஜி.பி. வேகம். வாங்குபவர் '2 ஜி.பி. குறைவு, அவ்வளவுதானே' என்று நினைப்பார். உண்மையில் அது வேறு கார்டு. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜி.பி., 12 ஜி.பி. என இரு கார்டுகளை என்விடியா அறிவித்தது. இரண்டுக்கும் கோர் எண்ணிக்கையே வேறு. கண்டனம் எழுந்ததும் மறு மாதமே 12 ஜி.பி. கார்டைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி விற்றது. பணக்கார வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டதால் அங்கே பெயர் மாறியது. மலிவான கார்டுகளை வாங்குவோருக்காக யாரும் சத்தம் போடுவதில்லை.

அப்படியானால் ஜி.பி. எண்ணுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. வேலைக்குத் தேவையான பொருள் முழுவதும் கார்டுக்குள் அடங்கும்வரை கூடுதல் இடத்தால் பயனில்லை. அடங்காமல் போனால் நிலைமை தலைகீழ். ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 272 ஜி.பி. எடுக்கும். இடம் போதாமல் கணினியின் பொது நினைவகத்திலிருந்து எடுக்க நேர்ந்தால் சுமார் 16 ஜி.பி.தான். அடுத்த ஊர்க் கிடங்கிலிருந்து வண்டி வைத்து நூல் கொண்டுவந்து நெய்வது போல.

தறிகளை எண்ணினால் போதுமா?

அடுத்து விற்பனையாளர் சொல்வது கோர் எண்ணிக்கை. இங்கே ஓர் இனிய செய்தி. என்விடியாவின் கார்டுகளில் ஒரு கணக்கின் ஓட்டத்துக்கு 'த்ரெட்', அதாவது இழை என்று பெயர். 32 இழைகள் சேர்ந்த கட்டுக்கு 'வார்ப்' என்று பெயர். வார்ப் என்றால் நம் தறியில் ஓடும் பாவுதான். பெயர் நெசவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அந்நிறுவனத்தின் நிரலாக்கக் கையேடே குறிப்பிடுகிறது. ஒரு வார்ப்பில் உள்ள 32 இழைகளும் ஒரே நேரத்தில் ஒரே கட்டளையை நிறைவேற்றும். நிரலில் 'இப்படியானால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று பாதை பிரிந்தால், ஒரு பகுதி இழைகள் வேலை செய்யும்போது மற்றவை காத்திருக்கும். கணினி அறிவியல் வகுப்பில் கிளைபிரியும் கூற்றுகளை நடத்தும்போது இதைச் சொன்னால், பாவு பிணைக்கும் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2019-இன் ஆர்டிஎக்ஸ் 2060-இல் 1920 கோர். 2021-இன் ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3584. ஏறக்குறைய இரு மடங்கு. விளையாட்டுகளில் கிடைத்த முன்னேற்றமோ சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். முன்பு முழு எண் கணக்குக்கு மட்டும் பயன்பட்ட பாதை, புதிய தலைமுறையில் தசம எண் கணக்கையும் செய்யப் பழகியது. அதனால் அதையும் ஒரு கோராக எண்ணத் தொடங்கினார்கள். எண்ணும் முறை மாறினால் எண்ணிக்கை பெருகும். துணி அதே விகிதத்தில் பெருகாது.

நிறுவனம் மாறினால் இன்னும் சிக்கல். ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6600-இல் 1792 பொறிகள். அதாவது 3060-இல் உள்ளதில் சரி பாதி. ஆனாலும் 1920 × 1080 திரையில் பல விளையாட்டுகளில் இரண்டும் அருகருகே ஓடுகின்றன. சாதாரணத் தறியையும் ரேப்பியர் தறியையும் 'தறி' என்று சேர்த்து எண்ணக் கூடாது என்பது நெசவாளருக்குத் தெரியும். ஒரே நிறுவனம், ஒரே தலைமுறை என்றால் மட்டும் கோர் எண்ணிக்கையை ஒப்பிடலாம்.

கோரையும் வேகத்தையும் பெருக்கிச் சொல்லும் எண்ணுக்கு டெராஃப்ளாப்ஸ் என்று பெயர். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள் என்பது ஒரு டெராஃப்ளாப்ஸ். 3060-க்கு 3584 × 2 × 177.7 கோடி, சுமார் 12.7. ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்து ஒரே வீச்சில் செய்வதால் இடையில் அந்த 2. இது எல்லாத் தறியும் நிற்காமல் ஓடினால் கிடைக்கும் உச்ச அளவு. இழை அறுவதும் தார் மாற்றுவதும் கணக்கில் இல்லை.

3060-ஆ, 4060-ஆ?

இந்த எண்கள் ஒன்றையொன்று எப்படி மறுக்கின்றன என்பதற்கு இந்த ஜோடி நல்ல பயிற்சி. 12 ஜி.பி. 3060-இல் கோர் 3584, நினைவக வேகம் 360 ஜி.பி., மின்தேவை 170 வாட். 2023-இல் வந்த 4060-இல் கோர் 3072, நினைவகம் 8 ஜி.பி., வேகம் 272 ஜி.பி., மின்தேவை 115 வாட். தாளில் பழையதுதான் மூன்றிலும் பெரியது. ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான விளையாட்டுகளில் புதியது முந்துகிறது.

இரண்டு காரணங்கள். கடிகார வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46-க்கு உயர்ந்தது, டெராஃப்ளாப்ஸ் கணக்கு போட்டால் 15.1 வரும். மற்றது, கணக்குப் பொறிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடைமாற்று நினைவகம். 3060-இல் 3 எம்.பி.யாக இருந்தது 4060-இல் 24 எம்.பி. ஆனது. தறிக்குப் பக்கத்திலேயே பெரிய தார்ப்பெட்டி வைத்துவிட்டால் அறைக்குப் போய்வரும் தடவைகள் குறையும். அதனால் பாதை குறுகியது பெரிதாகத் தெரிவதில்லை.

ஆனால் 9 ஜி.பி. கேட்கும் வேலை ஒன்றைக் கொடுத்தால் முடிவு மாறிவிடும். பிளெண்டரில் கனமான காட்சி ஒன்றையோ, சற்றுப் பெரிய மொழி மாதிரி ஒன்றையோ சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்பும் மாணவருக்குப் பழைய 12 ஜி.பி. கார்டே உதவும். எது சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த வேலைக்கு என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. மின்சாரக் கணக்கும் உண்டு. 55 வாட் வேறுபாட்டை நாளுக்கு 6 மணி நேரம், 200 வேலை நாள் முழுச் சுமையில் ஓட்டினால் 66 யூனிட். எட்டாம் வகுப்புக்கு நல்ல கணக்கு.

சராசரி செய்யும் வேலை

எண்களை நம்பாமல் ஓட்டிப் பார்த்த முடிவுகளைப் பார்ப்பதே சரி. அங்கும் ஒரு வழுக்கல் உண்டு, அது நம் கணிதப் பாடத்துக்குள்ளேயே வருகிறது. ஒரு கார்டு முதல் காட்சியை விநாடிக்கு 30 பிரேம் வேகத்திலும் அடுத்த காட்சியை 60 பிரேம் வேகத்திலும் வரைகிறது. இரண்டிலும் 600 பிரேம்கள். சராசரி 45 என்று எழுதிவிடத் தோன்றும். முதல் காட்சிக்கு 20 விநாடி, இரண்டாவதற்கு 10 விநாடி. 1200 பிரேமுக்கு 30 விநாடி. சராசரி 40. வெள்ளகோவிலிலிருந்து காங்கேயத்துக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் 60 வேகத்தில் திரும்பும் பழைய கணக்கேதான் இது. பதினொன்றாம் வகுப்பில் இசைச் சராசரி எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம்.

இன்னொன்று மேலும் வேடிக்கையானது. ஒரு சோதனையில் அ என்ற கார்டு ஆ-வைப் போல் இரு மடங்கு வேகம்; மற்றொரு சோதனையில் பாதி வேகம். அ-வை ஆ-வால் வகுத்தால் 2, 0.5, கூட்டுச் சராசரி 1.25. எனவே அ 25 சதவீதம் சிறந்தது. ஆ-வை அ-வால் வகுத்தால் 0.5, 2, சராசரி மீண்டும் 1.25. எனவே ஆ 25 சதவீதம் சிறந்தது! ஒரே தரவை வைத்து இரண்டு கடைக்காரர்களும் நேர்மையாகவே தங்கள் சரக்கைப் புகழலாம். பெருக்குச் சராசரி எடுத்தால் இரண்டு பக்கமும் 1 வரும். ஃபிளெமிங், வாலஸ் என்ற இருவர் 1986-இல் எழுதிய கட்டுரை இந்தப் பிழையைத்தான் விளக்கியது. இன்றும் ஒப்பீட்டுப் படங்களில் அது தொடர்கிறது.

சராசரியே மறைப்பதும் உண்டு. அரை விநாடியில் 59 பிரேம் வரைந்துவிட்டு அறுபதாவதில் அரை விநாடி நின்றாலும் சராசரி 60தான். கண்ணுக்குத் தெரிவது அந்த நிற்றல் மட்டுமே. இதற்காகத்தான் நல்ல ஆய்வாளர்கள் மிகவும் தாமதமான நூற்றில் ஒரு பங்கு பிரேம்களின் வேகத்தைத் தனியாகத் தருகிறார்கள். வகுப்புச் சராசரியோடு கடைசி ஐந்து பேரின் மதிப்பெண்ணையும் பார்க்கும் ஆசிரியருக்கு இது புதிதல்ல.

நம் ஆய்வகத்துக்கு

சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: ஸ்கிராட்ச், ஜியோஜீப்ரா, அலுவலக மென்பொருள், இணையவழித் தேர்வு, காணொலி பார்த்தல் ஆகியவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. பல கணினிகளின் செயலியிலேயே வரைகலைப் பகுதி இருக்கிறது. அதற்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் ரேமைத்தான் பங்கிட்டுக்கொள்ளும். டிடிஆர்4-2666 ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் விநாடிக்கு 21.3 ஜி.பி.; ஒரே அளவில் இரண்டு துண்டுகளை உரிய இடங்களில் செருகினால் 42.6 ஜி.பி. அந்த டிடிஆர்4 ஜிடி 1030 கார்டின் 16.8-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கார்டுக்குச் செலவிட நினைத்த பணத்தில் ஒரு பகுதியை இன்னொரு ரேம் துண்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் கொடுத்தால் ஆய்வகம் முழுவதும் பயன் தெரியும்.

பாடக் காணொலி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஜிடி 1030-இல் காணொலியை விரைவாகக் குறியாக்கம் செய்யும் தனிப்பகுதியே இல்லை. இன்டெல் செயலிகளின் உள்ளமைந்த வரைகலைப் பகுதியில் 2011 முதலே அது உண்டு. கார்டு போட்ட பிறகு காணொலி முடிக்கும் நேரம் குறையவில்லை என்று வியப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்டெல் செயலியின் பெயர் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் மட்டும் அதில் வரைகலைப் பகுதி இராது. தனி கார்டு கட்டாயம்.

ஆடை வடிவமைப்பு, பிளெண்டர் போன்றவற்றைக் கற்பிக்க உண்மையிலேயே கார்டு வேண்டும் என்றால், அந்த மென்பொருளின் தேவைப்பட்டியலை முதலில் எடுத்துக்கொண்டு விலைப்புள்ளி கேளுங்கள். கார்டின் முழுப்பெயர், நினைவகத்தின் வகை, அளவு, பாதையின் அகலம் ஆகிய நான்கும் எழுத்தில் வேண்டும். பழைய கணினியில் பொருத்துவதானால் அதன் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்பதையும் பாருங்கள். தாய்ப்பலகையின் இணைப்புத் துளை அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி மின்கம்பி வேண்டும். 70 வாட் கேட்கும் 6 ஜி.பி. 3050 இங்கேதான் பொருத்தமாகிறது. வேகம் குறைவு என்று மேலே சொன்ன அதே கார்டு! துறை வழங்கிய கணினியாக இருந்தால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

மடிக்கணினி வாங்கும் பெற்றோருக்கு இன்னொரு எண்ணையும் சொல்லி அனுப்புங்கள். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம். ஒரே தறிக்கு வெவ்வேறு மோட்டார் பூட்டுவது போல. பெயர் மாறாது, ஓட்டம் மாறும். மெல்லிய, அழகான மடிக்கணினியில் பெரும்பாலும் குறைந்த வாட்தான் இருக்கும். கடையில் ஒட்டியிருக்கும் தாளில் இந்த எண் அநேகமாக இராது. மடிக்கணினியின் மாடல் எண்ணை ஓர் எழுத்தும் விடாமல் குறித்து வரச் சொல்லி, தயாரிப்பாளரின் தளத்தில் நாமே தேடிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பத்து நிமிட வேலை.